விண்மீனும் உயிரும்

மேலைநாட்டு மறைஞான நெறிகளுள் 'தெலீமா' என்பதும் ஒன்று. கிரேக்கத்தில் அச்சொல் சித்தம், இச்சை எனப் பொருள்படும். அதனைத் தோற்றுவித்தவர் அலிஸ்டர் குறோலி (1875–1947) என்னும் ஆங்கிலேயர். அவர்தம் வாழ்க்கை பெரும் பழிக்கு இடமாயிற்று. 1923 இல் இத்தாலிய அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. எனினும், வாழ்க்கையைக் காட்டித் தத்துவத்தைத் தள்ளிவிடுதல் ஆராய்ச்சி நெறியாகாது. மாந்தர் ஒவ்வொருவரும் ஒரு விண்மீன் என்பது அத்தத்துவத்தின் நடுநாயகமான உருவகம். அதன் உட்பொருளை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

இதனைக் கேட்டதும் நம்மவர்க்குச் சென்ம நட்சத்திரமே நினைவில் எழும். அஃதன்று. சோதிடத்தில் விண்மீன் மேலே நின்று மனிதனை ஆட்டுவது; இங்கோ அது மனிதனுள்ளே உறைவது.

1904 ஏப்பிரல் 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களிலும் கெய்றோ நகரில் அருவக் குரலொன்று சொல்லத் தாம் எழுதியதாகக் குறோலி கூறிய 'சட்ட நூல்' இந்நெறியாரின் மறை. எகிப்திற் பிறந்த அந்நூலின் குறியீடுகளும் எகிப்தியமே. அதில் வரும் நூயித், பண்டை எகிப்தியரின் வான்தேவியாகிய நூத்தே. விண்மீன் பொலியும் மேனியளாய் உலகின்மேல் வளைந்து கவிந்து நிற்பவளாக அவளைக் கல்லறைகளில் தீட்டினர். அவளுக்கு இணை ஹாதித் என்னும் நுண்புள்ளி. எல்லையற்ற வெளி அவள். எங்கும் மையமாய் நிற்கும் நோக்கு அவன். இவ்விரண்டும் கூடுமிடந்தோறும் ஓர் அனுபவம் பிறக்கும் என்பர்.

உயிரைப் பற்றி அந்நூல் 'காப்சு', 'கூ' என இரு சொற்களை ஆள்கின்றது. முன்னது விண்மீன், பின்னது அதனைச் சூழ்ந்த ஒளியுடம்பு. ஒளியுடம்பு உறை, விண்மீன் உள்ளீடு. ஆதலின் தேடவேண்டியது வானத்தில் அன்று, உறையின் உள்ளே. 'கூ' என முன்னையோர் படித்ததை இன்றைய எகிப்தியவியலார் 'அக்' என்பர். இறந்தபின் ஒளியுருப் பெற்ற உயிரை அது குறிக்கும். மீன் நிறைந்த வானத்துக்குரிய எகிப்தியச் சொல்லொன்றை, 'அவளுடைய உயிர்கள் ஆயிரம்' எனப் பிரித்துப் பொருள்கொள்வதும் உண்டு. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு இஃது இனிய செய்தியன்றோ! ஏறத்தாழ 4300 ஆண்டுகளுக்கு முற்பட்ட பிரமிட்டு வாசகங்களில், இறந்த மன்னன் வடவானில் என்றும் மறையாத விண்மீன்களோடு சேர்கின்றான். மன்னனுக்கு, அதுவும் இறந்தபின், வாய்த்த பேற்றை உயிரோடிருக்கும் ஆண் பெண் அனைவர்க்கும் உரியதாக்கியதே குறோலி செய்த புதுமை.

இனி, விண்மீனுக்கு ஒரு செல்நெறி உண்டு. அவ்வாறே ஒவ்வொருவர்க்கும் 'மெய்ச்சித்தம்' ஒன்று உண்டு; அந்நெறி பிறழாது செல்பவர் பிறரோடு மோதார் என்பது கோட்பாடு. மனம்போன போக்கே போகலாம் என்று இதற்குப் பொருள்கொண்டு கெட்டவர் பலர். ஆனால் உருவகமே அவர்களை மறுக்கின்றது. நெறியிற் செல்லும் மீன் நினைத்தவிடத்துத் திரும்புவதில்லை. என் ஐயம் வேறு. விண்மீனின் பாதையைப் பிற மீன்களின் ஈர்ப்பே வகுக்கின்றது என்கிறது வானியல்; ஒன்றையொன்று சுற்றும் இரட்டை மீன்களும் பல. தனித்து நிற்கும் சித்தத்துக்கு இவ்வுவமை முற்றும் பொருந்துமா? மேலும், விண்மீன் தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்வதில்லை, மனிதன் செய்வான். தற்காலிக ஆசையை மெய்ச்சித்தத்தினின்று பிரித்தறிவது எங்ஙனம்?

யோகத்தாலும், நாடோறும் எழுதும் சாதனைக் குறிப்பாலும் என்பது குறோலியின் விடை. அந்த யோகத்தை அவர் பயின்றது நம் நாட்டில். 1901 இல் கண்டியில் நண்பர் அலன் பெனற்றோடு தங்கி ஆசனம், பிராணாயாமம், தாரணை ஆகியவற்றைப் பழகினார். அந்தப் பெனற், அக்காலத்துச் சொலிசிற்றர் ஜெனரலாயிருந்த பொன்னம்பலம் இராமநாதனின் மைந்தர்க்கு ஆசிரியராயமர்ந்து, அவரிடமே யோகம் கற்றவர் என்பர். பெனற் பின்னர்ப் பர்மா சென்று, ஆனந்த மெத்தேய்ய என்னும் பெயரோடு பௌத்த பிக்குவானார். நிலையான ஆன்மா என ஒன்று இல்லை என்பது அவர் புகுந்த நெறி.