மின்மையும் நூற்பயிற்சியும்

பனையோலையில் எழுத்தாணியால் கீறி, அதன்மேல் கரிமையைத் தடவி எழுத்தைத் துலங்கச் செய்தனர் நம் முன்னோர். ஓலை தானாக ஒளி உமிழ்வதில்லை; புறவொளி அதன்மேற் பட்டு மீளும்போதே எழுத்துத் தெரியும். அச்சு நூலுக்கும் இதுவே இயல்பு. டேப்லெட்டின் ஒளிர்திரையில் நூல் கற்கும் நாம் இவ்வியல்பை இழந்தோம். அதனை மீட்டுத் தருவது மின்னாற்றலால் இயங்கும் மை. அதனை மின்மை என்போம்.

இதன் அமைப்பு வியப்புக்குரியது. திரையெங்கும் மயிரிழைப் பருமனுள்ள நுண்குமிழ்கள் நிறைந்துள்ளன. அவற்றுள் வெண்துகள்களும் கருந்துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்துடன் மிதக்கின்றன. மின்புலம் மாறுந்தோறும் ஒன்று மேலெழ, மற்றொன்று அடியில் அமிழும். அவ்வாறே எழுத்து உருப்பெறும். உருப்பெற்ற எழுத்து நிலைத்து நிற்க மின்சாரம் வேண்டா. பக்கம் மாறும்போது மட்டுமே வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்விலிருந்து கிளைத்து, 1997இல் தனி நிறுவனமாயிற்று இந்நுட்பம். 2004இல் சோனியின் லிப்ரியே, 2007இல் அமேசானின் கிண்டில் ஆகியவற்றின் வாயிலாக வாசகரை அடைந்தது.

கம்மாபுரம், நெய்வேலி வட்டாரத்துச் சித்திரை வெயிலில் டேப்லெட்டை விரித்தால் நம் முகமே அதில் தெரியும். மின்மையிலோ வெயில் ஏற ஏற எழுத்துத் தெளியும்.

தமிழாய்வுக்கு இக்கருவி உதவுமா? 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை மின்னெழுத்தாக்கி இலவசமாய் வழங்கி வருகிறது. 2013இல் தோன்றிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ், ஆறு அங்குலத் திரைக்கேற்ற பதிப்புகளையே தனியே ஆக்கித் தந்தது. இவை சிறு திரைக்குப் பொருந்துவன. படமாக எடுக்கப்பட்ட பழம்பதிப்புகளுக்கோ பத்து அங்குலத் திரையேனும் வேண்டும். இல்லையேல் அடிக்குறிப்புகள் கண்ணுக்கு எட்டா.

குறைகளும் உள. பக்கம் மெல்லவே மாறும். வண்ணம் மங்கலாகவே தோன்றும். காணொளிக்கு இது ஏற்றதன்று. எனினும், பணிக்கு அக்குறைகளே அரண் எனலாம். டேப்லெட்டில் உரையொன்றைக் கற்கத் தொடங்கியவர், இடையில் வந்த செய்தியைக் கண்டு, பின் வேறொன்றில் புகுந்து, நூலையே மறப்பதை நாள்தோறும் காண்கிறோம். ஒரு நூற்பாவுக்கு இரண்டு உரைகளை ஒப்பிட ஒரு மணி நேர அமைதி வேண்டும். அவ்வமைதி குலைந்தால் ஆய்வு குறிப்புத் தொகுப்பாகச் சுருங்கிவிடும்.

ஆகவே, கல்லூரி நூலகங்கள் கருவி வாங்கும்போது, எத்துணைச் செயல்களை அது செய்யும் என்று மட்டும் நோக்காது, எந்த ஒரு செயலை இடையூறின்றிச் செய்யவிடும் என்பதையும் நோக்குதல் நன்று.