வைப்பாறு சேரும் தீவுக் கடல்

மலை, கடல், தீவு மூன்றும் சேர்ந்த அழகைக் காண நார்வேக்குத்தான் போக வேண்டுமா? அங்கே பனியாறு குடைந்த பள்ளங்களில் கடல் புகுந்து ஃபியோர்டு ஆனது. சிவகாசி, சாத்தூர்க்காரர்களுக்கு மலையையும் கடலையும் இணைப்பது வைப்பாறு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சாத்தூர் வழியாக ஓடி, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அங்கே தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள். சுற்றிலும் பவளப்பாறைகள்தான் அலைக்கு அரண். சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டியதில் அரண் குலைந்தது. விளாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் மூழ்கிவிட்டன. வான் தீவைக் காக்கக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

1986 முதல் இது தேசியப் பூங்கா. நினைத்தபடி தீவுகளில் இறங்க முடியாது. பாம்பன் அருகே குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு உண்டு. விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பவளத் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். தீவைத் தாங்குவதே அதுதான்!