உள்ளங்கையில் ஒரு போர்க்களம்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகும் பாதையிலுள்ள வடமதுரையை, சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைக் கொண்டு நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். அவ்வட்டாரத்தில் நூற்பாலைகளும் அநேகம். பெற்றோர் இரவு ஷிப்டுக்குப் போய்விட்ட ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பிள்ளை போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு, கண் காணாத எதிரிகளை விடிய விடியச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தால் கேட்பார் யார்?

2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயை முன்னிட்டுப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் செல்போன் வழியாக வந்தது. வந்த வழியே விளையாட்டும் வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் பாடம் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டது. விளையாட்டு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

சர்க்கார் தடுத்தால் என்ன என்று கேட்கலாம். 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. ஆனால் அது தேசத்தின் பாதுகாப்பை முன்னிட்டுச் செய்த தடையே அன்றிப் பிள்ளைகளின் தூக்கத்தை முன்னிட்டுச் செய்ததல்ல. மறு வருஷம் ஜூலையிலேயே அந்த விளையாட்டு வேறு பெயர் சூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது! 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அது தடுத்தது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை. தென் கொரியாவில் 2011 முதல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆடலாகாது என்று சட்டம் இருந்தது. செல்போன் விளையாட்டுகள் அதில் அகப்படவே இல்லை. 2022 ஜனவரியோடு அச்சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஆக, பொறுப்பு வீட்டு வாசலுக்கே திரும்பி வருகிறது.

இது வியாதிதானா? உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் இதை நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. 2022 ஜனவரி முதல் அவ்வட்டவணை அமலுக்கு வந்தது. நிறுத்த முடியாமை, மற்ற காரியங்களையெல்லாம் விளையாட்டு பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் கண்டும் தொடர்வது என்பவை அடையாளங்கள். இவை சாதாரணமாக ஒரு வருஷ காலமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆகையால், பரீட்சை முடிந்து இரண்டு மணி நேரம் ஆடுகிற பையனை நோயாளியாக்கிவிட வேண்டாம்.

விடமுடியாததன் காரணம் பிள்ளையின் பிடிவாதம் மட்டுமல்ல. விளையாட்டைச் செய்தவர்களின் சாமர்த்தியமும் அதில் இருக்கிறது. எந்த ஆட்டத்தில் என்ன பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே 'இன்னும் ஒன்று' என்று மனம் ஏங்குகிறது. தினந்தோறும் தலைகாட்டினால் ஒரு வெகுமதி. இவற்றுக்கெல்லாம் மேலாக, நான்கு பேர் ஒரு கட்சியாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். தாயார் சாப்பிடக் கூப்பிடும் வேளையில் எழுந்தால், மற்ற மூவரையும் நடுக்களத்தில் கைவிட்டதாகும். அவனுக்கு அது நட்பு. தாயாருக்கு அது வெறும் பொம்மைச் சண்டை. வீட்டுச் சச்சரவில் பாதி இங்கேதான் பிறக்கிறது. போனைப் பிடுங்கி உடைப்பதால், அவன் தோழர்களையும் சேர்த்தல்லவா பிடுங்கிவிடுகிறோம்?

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் இதற்கென்றே 2014-இல் ஒரு சிகிச்சைப் பகுதி தொடங்கினார்கள். இத்தகைய சிகிச்சையில் முக்கியமானது பேச்சுத்தான். விளையாட்டின் பின்னே ஒளிந்திருப்பது தனிமையா, வகுப்பில் பட்ட அவமானமா என்று முதலில் ஆராய்கிறார்கள். பின்பு ஆடும் நேரத்தைப் பிள்ளையைக் கொண்டே எழுதி வைக்கச் செய்து, சிறுகச் சிறுகக் குறைக்கிறார்கள். படுக்கைக்குப் போகுமுன் போன் வேறு அறைக்குப் போய்விட வேண்டும். (தகப்பனாரின் போனும் கூடப் போவது உசிதம்.) ஆரம்ப நாட்களில் கோபமும் தூக்கமின்மையும் வரக்கூடும், அது கண்டு பயந்து போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவோர் உண்டு. காலியான நேரத்தில் வேறொன்றை வைக்காமலும் காரியம் நடவாது. சடுகுடுவுக்கும் வாலிபாலுக்கும் ஆள் சேர்ந்துவிட்டால், நான்கு பேர் கட்சி மைதானத்திலேயே கிடைத்துவிடும்.

மனநல வைத்தியரிடம் போவதென்றால் ஊர் என்ன சொல்லுமோ என்று கூசுகிறவர்கள், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 'டெலி மானஸ்' என்னும் இந்த இலவச உதவியை மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம். பையன் மறுத்தால் பெற்றோர் பேசலாம். இரவும் பகலும் உண்டு. ஷிப்டு முடிந்து வந்த பிறகும் பேசலாம்.