டயர் பளபளத்தால் போதுமா? ஸ்பிரே அடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே கார் கழுவும் கடைகளில் வரிசை நீளத் தொடங்கிவிடும். கழுவித் துடைத்து, உள்ளே தூசு உறிஞ்சி முடித்ததும் கடைசியாக ஒரு பையன் ஸ்பிரே டின்னோடு வருவான். நான்கு டயருக்கும் ஒரு சுற்று. சாம்பல் பூத்துக் கிடந்த டயர் கறுகறுவென்று மாறிவிடும். காருக்கே வயது குறைந்ததுபோல் இருக்கும். அதே டின் பேரங்காடியிலும் கார் உபகரணக் கடையிலும் கிடைப்பதால் இப்போது பலர் வீட்டு வாசலிலேயே அடித்துக்கொள்கிறார்கள்.

அடிக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த டின்னைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, என் அப்பா வாங்கி வந்த இரண்டு டயர்களால்.

அப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பர் விஷயத்தில் தன்னிடம் யாரும் கதை விட முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. கடந்த ஆண்டு எங்கள் பழைய காரின் பின் டயர்கள் தேய்ந்துபோக, புது டயரின் விலையைக் கேட்டுவிட்டு, பயன்படுத்திய டயர் விற்கும் ஒரு கடைக்குப் போனார். அங்கே அடுக்கி வைத்திருந்தவை எல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் மின்னின. பூவும் நன்றாக இருந்தது. இரண்டை மாட்டிக்கொண்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பினார்.

ஒரு வாரம் கழித்து நான் காரைக் கழுவும்போது டயரைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மெருகு போனது. ரிம்மை ஒட்டிய பகுதியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் சுற்றிலும் தெரிந்தன. டயரில் பொறித்திருந்த எண்களைத் தேடினேன். கடைசி நான்கு இலக்கம் 1413. அதாவது 2013-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்த டயர். பூ தேயாமல் இருந்ததற்குக் காரணம், அது எங்கோ ஓடாமல் கிடந்திருக்கும் என்பதுதான்.

கடைக்காரர் ஏமாற்ற நினைத்தாரா, தெரியவில்லை. விற்கும் பொருளைத் துடைத்து மெருகேற்றி வைப்பது எல்லாக் கடையிலும் நடப்பது. ‘பளபள’ என்பது இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் தராது என்று இலக்கண வகுப்பில் படித்தோம். டயர் விஷயத்தில் பளபளப்பைப் பிரித்தெடுத்தால்தான் பொருள் தெரிகிறது.

டின்னுக்குள் இருப்பது என்ன?

டயருக்கு மினுமினுப்பு தருவது பெரும்பாலும் சிலிகோன் எண்ணெய். அது கெட்டியான எண்ணெய். அதைக் கரைத்து வைக்க ஒரு திரவம் வேண்டும். டின்னிலிருந்து வெளியே தள்ள ஒரு வாயுவும் வேண்டும். ஸ்பிரே வகைகள் பலவற்றில் அந்தத் திரவம் பெட்ரோலியத்திலிருந்து எடுத்தது. தள்ளும் வாயு புரோப்பேன், பியூட்டேன் போன்றவை. சமையல் எரிவாயுத் தோம்பில் இருப்பதும் இவைதான்.

இன்னொரு வகை, தண்ணீரில் கலந்து பால்போல் வெள்ளையாக இருக்கும். போத்தலில் வரும், பஞ்சில் ஊற்றித் தடவுவது. இதில் மினுமினுப்பு குறைவு, மழைக்குச் சீக்கிரம் போய்விடும். பெட்ரோலியக் கலவை நாள்பட நிற்கும், கண்ணாடிபோல் மின்னும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் நான் தண்ணீர்க் கலவையைத்தான் சொல்வேன். டயர் நிறுவனங்கள் பலவும் பெட்ரோலியக் கலவையைத் தவிர்க்கவே சொல்கின்றன.

அதற்கான காரணம் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு எளிதில் புரியும். ரப்பர் வளையத்தை வெயிலில் போட்டு வைத்தால் சில வாரங்களில் வெடித்து அறுந்துவிடும். காற்றில் உள்ள ஓசோனும் வெயிலும் ரப்பரைத் தின்கின்றன. டயருக்கும் அதே கதிதான். அதனால் டயர் செய்யும்போதே மெழுகையும் ஓசோனைத் தடுக்கும் ஒரு ரசாயனத்தையும் ரப்பரோடு கலந்துவிடுகிறார்கள். டயர் ஓடி நெளியும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வந்து ஒரு காப்புப் படலமாக நிற்கும். டயரின் பக்கவாட்டில் பழுப்பு படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது முழுவதும் அழுக்கு அல்ல. அந்தக் காப்பு ரசாயனம் காற்றுப்பட்டு நிறம் மாறியதும் அதில் உண்டு. பெட்ரோலியத் திரவத்தை அடிக்கடி அடித்தால் அந்தக் காப்பும் சேர்ந்து கரைந்து போகும். ஓடாமல் நிற்கும் காரின் டயர் சீக்கிரம் வெடிப்பதும், நெளிவு இல்லாமல் காப்பு மேலே வராததால்தான்.

அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர்கள் சிலர் டீசலையோ பழைய என்ஜின் எண்ணெயையோ துணியில் நனைத்து டயரைத் துடைப்பார்கள். இன்றும் செய்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் குடித்த ரப்பர் ஊதி, மெலிந்துவிடும்.

எங்கே படக்கூடாது?

டயரில் ஸ்பிரேக்கு உரிய இடம் ஒன்றே ஒன்று: எழுத்துகள் பொறித்திருக்கும் பக்கவாட்டுப் பகுதி. தரையில் உருளும் பகுதியில் படக்கூடாது. ரிம் இடைவெளி வழியாகத் தெரியும் பிரேக் டிஸ்கில் படவே கூடாது. சிலிகோன் என்பது வழுக்கும் பொருள். டிஸ்கில் பட்டால், பிரேக்கை மிதிக்கும்போது பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும். பிரேக் பட்டை அதை உறிஞ்சிக்கொண்டால் மேலே துடைத்துப் பயனில்லை, பட்டையையே மாற்ற வேண்டி வரலாம். டின்னை நேராக டயர் மேல் அடிக்கும்போது புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், புரியும்.

கார் உரிமையாளர்களைவிட நான் அதிகம் பயப்படுவது கப்சாய் ஓட்டும் நம் பிள்ளைகளை நினைத்துத்தான். மோட்டாருக்கு நான்கு சக்கரம் இல்லை. வளைவில் சாய்க்கும்போது டயரின் ஓரம்தான் சாலையைப் பிடிக்கிறது. அந்த ஓரத்துக்கும் பக்கவாட்டுக்கும் இடையே விரல் அகலம்கூட இருக்காது. என் அத்தை மகன், காருக்கு அடித்தது போக டின்னில் மிச்சம் இருந்ததைத் தன் மோட்டாரின் இரண்டு டயருக்கும் அடித்தான். வீட்டைவிட்டுக் கிளம்பி, தாமான் சந்தில் முதல் திருப்பம்கூடத் தாண்டவில்லை. முழங்காலும் முழங்கையும் உரிந்ததோடு போனது. பின்னால் லாரி வந்திருந்தால் என்று அத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மோட்டார் டயருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

இன்னோர் இடமும் இருக்கிறது, யாரும் நினைப்பதில்லை: வாசல் தரை. தாமான் வீடுகளில் கார் நிற்கும் இடத்துக்கு மொசைக் போட்டிருப்போம். அங்கே சிந்திய சிலிகோன் கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பாட்டி அதே இடத்தில் கோலம் போட வெறுங்காலோடு வருவார். பழைய நாளிதழையோ அட்டையையோ விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சிந்திவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு முறையாவது தேய்த்துக் கழுவுங்கள்.

சரியாகச் செய்வது எப்படி?

கார் ஓடி வந்த சூட்டோடு செய்யாதீர்கள். நிழலில் நிறுத்தி, டயர் ஆறிய பிறகு சோப்புத் தண்ணீரும் துணி துவைக்கும் பிரஷ்ஷும் கொண்டு தேயுங்கள். முதலில் வரும் நுரை பழுப்பாக இருக்கும், அதில் பழைய ஸ்பிரேயும் இருக்கும். நுரை ஓரளவு வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை தேய்த்தால் போதும். பிறகு நன்றாகக் காய வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் ஒட்டாது.

டயர் காய்ந்து, மெருகில்லாமல் சாம்பல் நிறத்தில் இருக்கும் அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் முக்கியம். டயரின் உண்மை முகம் அப்போதுதான் தெரியும். ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையைத் தேடுங்கள். அதன் கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டைத் தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது பட்டறையில் காட்ட வேண்டும். பத்து ஆண்டைத் தாண்டியது, பூ எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். பக்கவாட்டில் கொப்புளம்போல் வீங்கியிருந்தால் உள்ளே நூலடுக்கு அறுந்திருக்கிறது என்று பொருள். அந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

பூவின் ஆழத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்த அளவு 1.6 மில்லிமீட்டர். அளக்கக் கருவி தேவையில்லை. பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பூ தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மாலையானால் மழை கொட்டுகிறது. அந்தப் பள்ளங்கள்தான் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகின்றன. காற்றையும் அப்படியே பார்த்துவிடுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும். டயர் சூடாகும் முன் அளப்பதுதான் சரியான கணக்கு.

எல்லாம் நன்றாக இருந்தால் இப்போது மெருகு. டின்னை நன்றாகக் குலுக்கி, டயர் மேல் அடிக்காமல் ஒரு பஞ்சின் மேல் அடியுங்கள். பஞ்சால் பக்கவாட்டில் மெல்லியதாகத் தடவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, மிச்சமிருப்பதை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் கிளம்பினால் சக்கரம் சுழலும் வேகத்தில் கறுப்புப் புள்ளிகள் காரின் பக்கவாட்டில் தெறித்திருக்கும். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். நுரையாக வரும் ஒரு வகை உண்டு. அதை அடித்துவிட்டுத் துடைக்காமல் விடச் சொல்லி டின்னிலேயே எழுதியிருப்பார்கள். அதற்கு அப்படியே செய்யுங்கள், ஆனால் காற்று வீசாத இடத்தில்.

செம்மண் சாலையில் தினமும் போய் வரும் தோட்டத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சாலைக்கு இந்த மெருகு ஒத்துவராது. எண்ணெய்ப் பசையில் புழுதி ஒட்டி, மாலைக்குள் டயர் சாந்து பூசியதுபோல் ஆகிவிடும். காசு மிச்சம், கழுவினால் போதும்.

டின்னை எங்கே வைப்பது?

காரில் வைக்காதீர்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு படக்கூடாது என்று டின்னிலேயே இருக்கும். நம் ஊர் வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்ளே அந்தச் சூட்டை எளிதில் தாண்டும். காலியான டின்னிலும் வாயு மிச்சமிருக்கும், அதனால் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் வெடிக்கும். வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக் காலத்தில் வாசலில் விளக்கு எரியும், பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்துவார்கள், யாராவது சிகரெட்டோடு நிற்பார்கள். அந்த நேரத்தில் அதே வாசலில் ஸ்பிரே அடிப்பது ஆபத்து. காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பள்ளி விடுமுறையில் கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய. ஒரு நாளில் எத்தனையோ கார்களுக்கு இதை அடிக்கிறார்கள், அத்தனை புகையும் அவர்கள் மூச்சில் போகிறது. முகக்கவசமும் கையுறையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கடை கொடுக்காவிட்டால் பஞ்சில் தடவும் தண்ணீர்க் கலவையையாவது கேட்கலாம். இழுப்பு உள்ள பிள்ளைக்கு இந்த வேலையே வேண்டாம்.

எங்கள் காருக்கு அந்த மாதமே இரண்டு புது டயர் வாங்கினோம். இரண்டு தவணையில் கட்டினார் அப்பா. இப்போது யாராவது பயன்படுத்திய டயர் வாங்கப் போவதாகச் சொன்னால் அவரும் கூடவே கிளம்பிவிடுகிறார், பையில் ஒரு ஈரத்துணியோடு. கடையில் முதல் வேலையாக டயரை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்.