யார் வீட்டுப் பிள்ளை?

1970 வாக்கில் கோவையிலோ ஈரோட்டிலோ பி.யூ.சி. முடித்துவிட்டு எம்.பி.பி.எஸ். படிக்க ஆசைப்பட்ட பையனுக்கு மார்க் மட்டும் போதாது, நேர்காணலிலும் தேற வேண்டும். 1970-71 சேர்க்கையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன பெரியகருப்பன் வழக்கில் அந்தக் கணக்கு வெளியே வந்தது. மொத்தம் 275 மார்க்கில் 75 நேர்காணலுக்கு. விளையாட்டு, என்.சி.சி., பொதுத் திறன், உடல் தகுதி என்று பல தலைப்புகள் விதியில் இருந்தன. இத்தனை மார்க்கை நேர்காணலுக்கு ஒதுக்கியது மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம் என்றது நீதிமன்றம்.

அரை மார்க்கில் சீட் கை மாறும் படிப்பில், 75 மார்க் சிலருடைய கையில் இருந்தால் ஊர் என்ன செய்யும்? சிபாரிசு தேடி அலையும். மில் முதலாளி, மண்டிக்காரர், எம்.எல்.ஏ. என்று ஒவ்வொரு வாசலாக அப்பாக்கள் நின்றார்கள். உள்ளே போன பையனிடம் "எந்த ஊருப்பா? அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள் என்று அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்றும் சொல்வதுண்டு. இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கிலும் இதுதான் புகார்: இரண்டு மூன்று நிமிட நேர்காணல், பெற்றோரையும் வீட்டையும் பற்றிய கேள்விகள். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் மார்க் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது என்றும் சேர்த்துச் சொன்னது.

தமிழ்நாட்டில் 1984-ல் நேர்காணலுக்குப் பதிலாக நுழைவுத் தேர்வு வந்தது. அதே ஆண்டில்தான் கோவையில் குமரகுருவும் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் தொடங்கின. 1997-ல் பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. 2007-ல் நுழைவுத் தேர்வும் போய், பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் மட்டும் மிஞ்சியது.

அந்தக் கலந்தாய்வு நேரில் நடந்த காலத்தில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் கிண்டிக்கு வந்து, கையில் மஞ்சப்பையும் சான்றிதழ் ஃபைலுமாக வரிசையில் நிற்பார்கள். உள்ளே ஒரு பெரிய திரை. பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., ஜி.சி.டி. என்று எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். தாராபுரத்துக் குடியானவரின் மகள் தன் முறை வந்ததும் ஒரு பிரிவைச் சொல்வாள், சீட் அவளுடையது. அந்தத் திரைக்கு அவள் அப்பாவின் பெயர் தெரியாது. கொங்கு நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் அந்த வழியாகத்தான் வந்தார்கள். நேர்காணலை எடுத்தது நியாயமான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மார்க் ஒன்றே வழி என்று ஆனதும், மார்க் வாங்குவதே பள்ளிக்கூடத்தின் ஒரே தொழிலாகவும் ஆனது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டியிருந்தது. "உனக்கு என்னம்மா பிடிக்கும்? ஏன்?" என்று யாரும் கேட்காமலே ஒரு தலைமுறை கல்லூரிக்குள் போனது.

இப்போது அந்தக் கேள்வி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஹார்வர்டு, எம்.ஐ.டி., பிரின்ஸ்டன் போன்ற இடங்களுக்குப் பிளஸ் டூவிலேயே விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கோவையிலும் உண்டு. விண்ணப்பம் போன பிறகு சிலருக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அனுப்புகிறவர் அங்கே படித்த முன்னாள் மாணவர். சம்பளமில்லாமல், ஆர்வத்தால் செய்கிறவர். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பேசுவார், இப்போதெல்லாம் பெரும்பாலும் ஜூமில். மார்க்கோ கட்டுரையோ பெரும்பாலும் அவர் கைக்கு வருவதில்லை. பேசியதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி அனுப்புவார், முடிவெடுப்பது சேர்க்கைக் குழு. ஆள் கிடைக்காததால் நேர்காணல் நடக்கவில்லை என்றால் அது விண்ணப்பத்துக்குக் குறை ஆகாது. நேர்காணலுக்காக யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இந்த வழக்கத்துக்குப் பின்னால் நல்ல கதை மட்டும் இல்லை. 1920-களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றும் படிப்பில் முந்திய யூத மாணவர்களைக் குறைக்கத்தான் 'குணநலன்' பார்க்க ஆரம்பித்தன. நேர்காணலும் சிபாரிசுக் கடிதமும் அப்போதுதான் பெரிதாயின. யார் வீட்டுப் பிள்ளை என்ற அதே கேள்விதான், உடுப்பு மட்டும் வேறு. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, ஹார்வர்டு மீது ஆசிய வம்சாவளி மாணவர்களுக்காகத் தொடுத்த வழக்கில் மனுதாரர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். காகிதத்தைப் படித்த சேர்க்கை அலுவலர்கள் இந்த மாணவர்களுக்குக் குணநலனில் குறைந்த மதிப்புப் போட, நேரில் பேசிய முன்னாள் மாணவர்கள் அப்படிப் போடவில்லை என்பது அவர்கள் வாதம். 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனம் பார்த்துச் சேர்ப்பதையே நிறுத்தியது. எனக்கு அதைவிட மனதில் நின்றது இந்த வாதம்தான். முகம் பார்த்துப் பேசுவது சில நேரம் பிள்ளைக்கு நன்மையும் செய்யும்.

அந்த நன்மை நம் பிள்ளைகளுக்கு முழுதாகக் கிடைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். அவிநாசி ரோட்டுப் பெரிய பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே பேச்சுத் துணை உண்டு, ஆலோசகரும் உண்டு. பெரியவர் கேட்டால் தலையைக் குனிந்து "சரிங்க" என்று சொல்லப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு, "என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு" என்கிற முன்னாள் மாணவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பல்லடம் பக்கம் ஒரு பெண்ணுடன் நேர்காணல் ஒத்திகைக்கு உட்கார்ந்தேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்றேன். "நூல்கள் வாசிப்பேன்" என்று மனப்பாடமாக வந்தது. என்ன வாசித்தாய் என்றதும் அமைதி. வீட்டில் விசைத்தறி ஓடுவது எனக்குத் தெரியும், அதைக் கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லலாமுங்களா?" என்றாள். சொல்லம்மா என்றேன்.

பாவில் ஓர் இழை அறுந்தால் துணியில் கோடு விழும், அதைப் பார்த்ததும் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும் என்றாள். ராத்திரி ஷிஃப்டில் அப்பா கண் அசந்தால் கோடு நீளமாகப் போய்விடும், கூலியில் பிடிப்பார்கள். கரண்ட் போன நேரத்தையும் அன்று ஓடிய மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கணக்கிலிருந்து எந்த நேரத்தில் தறி நின்றால் நஷ்டம் அதிகம் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தவே இல்லை. இங்கிலீஷ் அங்கங்கே தடுக்கியது, விஷயம் தடுக்கவில்லை. ஒரு முன்னாள் மாணவர் தன் அறிக்கையில் எழுத விரும்புவது இதைத்தான், அவள் மறைக்க நினைத்ததும் இதைத்தான். வீட்டுத் தொழிலைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்ற பயம் அந்தப் பழைய "அப்பா என்ன பண்றார்?" கேள்வி விட்டுப்போனது. அன்று அந்தப் பதில் சீட்டைத் தீர்மானித்தது. இன்று கேட்கிறவருக்கு, அந்த வீட்டில் நீ என்ன கவனித்தாய், என்ன யோசித்தாய் என்பதுதான் வேண்டும்.

இதைப் பிள்ளைக்குச் சொல்லித்தர லட்ச ரூபாய் ஆலோசகர் தேவையில்லை. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டால் போதும். கோவையிலும் திருப்பூரிலும் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள்: வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவர்கள், ஐ.டி. கம்பெனிகளில் ஆள் எடுக்கிறவர்கள், ஓய்வு பெற்ற பேராசிரியர்கள். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் போய் உட்காரலாம். பிளஸ் ஒன்னிலேயே தொடங்குவது நல்லது. பிளஸ் டூவில் நேர்காணல்கள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வரும், அரையாண்டுத் தேர்வும் செய்முறைத் தேர்வும் பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கும் மாதங்கள் அவைதான்.