கிளி வளர்க்க ஆசையா?

(மூன்றாமாண்டு மாணவி, இளம் அறிவியல் – விலங்கியல்)

தமிழருக்கும் கிளிக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. குறிஞ்சி நிலப் பெண்கள் தினைப்புனத்தில் பரண் மீதிருந்து தட்டை, தழல், குளிர் முதலிய கருவிகளால் கிளி ஓட்டியதைச் சங்க நூல்கள் பேசுகின்றன. மதுரை மீனாட்சியின் கையில் இருப்பது கிளி. திருவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கோ இலைகளும் மாதுளம்பூவும் கொண்டு நாள்தோறும் புதுக்கிளி செய்து சாத்துகிறார்கள். மழலை பேசும் குழந்தையைக் 'கிளிப்பிள்ளை' என்று கொஞ்சுகிறோம். இத்தனை அன்புக்குரிய பறவையை வீட்டில் வளர்க்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் ஆசை வேறு, ஆயத்தம் வேறு. ஒரு கிளியை ஏற்கும் நிலையில் நாம் இருக்கிறோமா என்று அறிய, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு.

எந்தக் கிளி?

முதற் கேள்வி சட்டத்தைப் பற்றியது. நம் தோப்புகளில் 'கீ, கீ' என்று கூவிப் பறக்கும் பச்சைக்கிளியை வளர்க்க நமக்கு உரிமை இல்லை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், கூண்டில் வைத்திருப்பதும் குற்றமே. செந்தலைக்கிளிக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலச்சிறகுக் கிளிக்கும் இது பொருந்தும். "சந்தையில் விற்கிறார்களே! கிளி ஜோதிடர் வைத்திருக்கிறாரே!" என்று கேட்கலாம். பலர் செய்வதால் ஒரு குற்றம் குற்றமல்லாமல் போய்விடாது.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் நியாயம் ஒன்று உண்டு. சந்தைக்கு வரும் பச்சைக்கிளிக் குஞ்சு மரப்பொந்திலிருந்து திருடப்பட்டது. பறக்காதிருக்கச் சிறகு நறுக்கப்பட்டது. நெருக்கி அடைத்துக் கொண்டுவரும் வழியில் மடிந்த குஞ்சுகளை நாம் காண்பதில்லை. "பாவம், இதையாவது காப்பாற்றுவோம்" என்று இரக்கப்பட்டு வாங்கினாலும், அந்தப் பணம் அடுத்த பொந்தில் கைவிடுவதற்கே கூலியாகிறது.

அப்படியானால் வளர்க்கத்தக்கவை எவை? வெளிநாட்டு இனங்களில், கூண்டிலேயே குஞ்சு பொரித்துப் பெருகியவை. நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை உண்மையில் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர்கள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்க இனம். கொண்டையுள்ள காக்கட்டீலும் ஆஸ்திரேலியப் பறவையே. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற பெரிய இனங்கள் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. அவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆதலால் பதிவுத் தாள் இல்லாத பெரிய கிளியை எவர் கொடுத்தாலும் ஏற்கலாகாது.

எத்தனை ஆண்டுக் கணக்கு?

கோழிக்குஞ்சு வாங்குவதைப் போன்றதன்று கிளி வாங்குவது. பட்ஜெரிகர் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வாழும். நன்கு பேணினால் காக்கட்டீல் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருக்கும். சாம்பல் கிளியும் மக்காவும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடியவை. அமெரிக்காவில் சிகாகோ அருகேயுள்ள புரூக்ஃபீல்டு உயிரியல் பூங்காவில் 'குக்கி' என்ற காக்கட்டூ 2016 ஆம் ஆண்டு தன் 83 ஆம் வயதில் மறைந்தது.

இந்தக் கணக்கை நம் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். இருபது வயதில் ஒரு காக்கட்டீலை ஏற்கிறோம். பட்டம் பெறுவோம், வேலை தேடி வேறு ஊர் செல்வோம், திருமணம் நடக்கும், குழந்தை பிறக்கும். அப்போதும் அந்தப் பறவை உயிரோடிருக்கும். விடுதியில் அதற்கு இடமில்லை. வாடகை வீட்டுக்காரர் அதன் கூச்சலைப் பொறுக்கமாட்டார். முடிவில் அந்தப் பொறுப்பு, கேட்காமலே அம்மாவின் தலையில் வந்து விழும். ஆகவே வீட்டார் அனைவரையும் கேட்டு, "நான் இல்லாதபோது யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்ற கேள்விக்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடிந்தால்தான் மேலே செல்லலாம்.

கிளி ஏன் பேசுகிறது?

கிளி பேசுவதைக் கேட்டு மகிழ்கிறோம். அது ஏன் பேசுகிறது என்று எண்ணுவதில்லை. கிளிகள் கூட்டமாய் வாழும் பிறவிகள். தன் கூட்டத்தின் குரலைக் கேட்டுக் கற்று, அதே குரலால் பதில் கொடுத்துத்தான் ஒன்றையொன்று பிரியாதிருக்கின்றன. கூண்டில் தனித்திருக்கும் கிளிக்கு நாமே கூட்டம். அது நம் சொல்லைத் திருப்பிச் சொல்வது வெறும் வேடிக்கையன்று. "நானும் உங்களில் ஒருவன்" என்று அது விடுக்கும் அழைப்பு என்றே கொள்ளலாம்.

அதன் அறிவும் எளிதன்று. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977 ஆம் ஆண்டு முதல் 'அலெக்ஸ்' என்ற சாம்பல் கிளியைப் பயிற்றுவித்தார். 2007 இல் இறப்பதற்குள் அது ஏறத்தாழ நூறு சொற்களைக் கற்று, பொருள்களின் நிறத்தையும் வடிவத்தையும் பிரித்துக் கூறியது. இத்தகைய மூளையை நாளெல்லாம் வெறுமையில் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? ஓயாமல் கத்தும், கடிக்கும், தன் இறகைத் தானே பிடுங்கி வெற்றுடம்பாய் நிற்கும். தினமும் சில மணி நேரம் கூண்டுக்கு வெளியே உலவவும், கடித்துத் தள்ள மரக்கட்டைகளும், பேச்சுத் துணையும் வேண்டும். தேர்வு மாதத்திலும் வேண்டும். விடியலிலும் அந்தியிலும் கத்துவதோ அதன் பிறவிக்குணம். அதனைத் திருத்த இயலாது, பொறுக்கத்தான் வேண்டும்.

உணவும் காற்றும்

தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் போட்டால் போதும் என்பது பரவலான தவறு. விதை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் 'ஏ'யும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்து நோய் காணும். கீரை, கேரட், கொய்யா, பப்பாளி, முளைகட்டிய பயறு ஆகியவை தட்டில் இருக்கவேண்டும். மிளகாயைக் கிளி ரசித்துத் தின்பதற்குக் காரணம், பறவைகளுக்கு அதன் காரம் உறைப்பதில்லை என்பதே. ஆனால் வெண்ணெய்ப்பழமும் சாக்லெட்டும் அதற்கு நஞ்சு.

அதனினும் பெரிய அபாயம் காற்றில் இருக்கிறது. நுரையீரலோடு காற்றுப்பைகளும் கொண்டு மூச்சு விடுவதால் காற்றிலுள்ள நஞ்சு பறவையை விரைவில் தாக்கும். ஒட்டாத பூச்சிட்ட வாணலி அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் ஆவி, நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். கொசுவர்த்திப் புகையும் சிகரெட்டுப் புகையும் தீங்கே. அடுக்களைக்குப் பக்கத்தில் கூண்டு வைக்க மட்டுமே இடமுள்ள வீட்டுக்குக் கிளி ஏற்றதன்று.

பறவை தன் நோயை மறைக்கும். நமக்குத் தெரியும் வேளையில் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். ஆகவே நம் ஊரில், ஆடு மாடு மட்டுமின்றிப் பறவைகளையும் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று முன்பே விசாரித்துக்கொள்வது நலம். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒருவகை நுரையீரல் காய்ச்சலும் உண்டு. கூண்டைத் துப்புரவாக வைப்பது நமக்கும் பாதுகாப்பு.

பிறர் வளர்த்த கிளி

இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் 'ஆம்' என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தவர்கள் கடைக்குச் செல்லுமுன் ஒன்று எண்ணலாம். ஊர் மாறுவோரும், முதுமையால் இயலாதோரும் தாம் வளர்த்த காக்கட்டீலையோ லவ் பேர்ட்ஸையோ என்ன செய்வதென்று தவிப்பதுண்டு. அத்தகைய பறவையைத் தத்தெடுப்பது உயர்ந்த செயல். பழைய கூட்டத்தை இழந்த அது சில வாரங்கள் மிரளும், சில நாள் வாய் திறவாது. பொறுமையுள்ளவரிடம் அது மீண்டும் நம்பிக்கை கொள்ளும். கூண்டில் வளர்ந்த பறவையை "விடுதலை" என்று வெளியே பறக்க விடுவது மட்டும் கூடாது. இரை தேடவும் பகை அறியவும் தெரியாத அதற்கு அது விடுதலையன்று, மரண தண்டனை. கீழே விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சைக் கண்டால் வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே முறை.

'இல்லை' என்று விடை வந்தால் வருந்தவேண்டியதில்லை. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில், உயிரினங்களைத் தத்தெடுத்து உணவுச் செலவை ஏற்கும் திட்டம் இருக்கிறது. வகுப்பு மாணவர்கள் சிலர் சேர்ந்தும் இதுபோன்ற உதவியில் பங்கு கொள்ளலாம். பொந்துள்ள பழைய மரத்தை வெட்டாமல் காப்பதும், கோடையில் மாடியில் ஒரு சட்டி நீர் வைப்பதும் கிளிக்குச் செய்யும் தொண்டே. "எனக்கு ஒரு கிளி வேண்டுமா?" என்பது நம் ஆசையின் கேள்வி. "ஒரு கிளிக்கு நான் வேண்டுமா?" என்பதே பொறுப்பின் கேள்வி. தோழர்களே, இரண்டாவது கேள்விக்கு விடை கண்ட பின்னரே கூண்டின் கதவைத் திறப்போமாக!