2048 எண்சில்லு விளையாட்டு: நிறைகளும் குறைகளும்

2048 என்பது பதினாறு கட்டங்கள் கொண்ட சதுரத்தில், எண் எழுதிய சில்லுகளை நகர்த்தி ஒன்று சேர்க்கும் ஓர் உத்தி விளையாட்டு. இத்தாலியைச் சேர்ந்த காப்ரியேலே சிருல்லி தமது 19ஆம் வயதில், 2014 மார்ச் மாதத்தில் இதனை இணையத்தில் வெளியிட்டார். ஒரு வாரத்துக்குள் சுமார் 40 லட்சம் பேர் அப்பக்கத்தைப் பார்த்தனர். பிறகு இது கைப்பேசிச் செயலியாகவும் வந்தது.

எண்கள் இருப்பதால் இதனை ‘கணக்கு விளையாட்டு’ என்று எண்ணிப் பெற்றோர் பலர் தயக்கமின்றிப் பிள்ளைகளிடம் கொடுக்கின்றனர். எங்கள் நெய்வேலி நகரியம் போன்ற ஊரில், இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் உறங்கும் வீட்டுக்குச் சத்தமில்லாத இவ்விளையாட்டு வசதியும்கூட. ஆனால் இது உண்மையில் கணக்கைக் கற்றுத் தருகிறதா என்பது தனியே பார்க்க வேண்டிய கேள்வி.

விளையாடும் முறை

தொடக்கத்தில் இரண்டு சில்லுகள் மட்டும் இருக்கும். விரலால் மேல், கீழ், இடம், வலம் என ஏதேனும் ஒரு திசையில் தள்ளினால், எல்லாச் சில்லுகளும் அத்திசையில் தடைபடும் வரை நகரும். ஒரே எண் கொண்ட இரு சில்லுகள் மோதினால் ஒன்றாகி இருமடங்காகும். 2, 2 சேர்ந்தால் 4. 4, 4 சேர்ந்தால் 8. ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் காலிக் கட்டம் ஒன்றில் புதுச் சில்லு தோன்றும். அது பத்துக்கு ஒன்பது வாய்ப்பில் 2 ஆகவும், பத்துக்கு ஒரு வாய்ப்பில் 4 ஆகவும் இருக்கும். 2048 என்ற சில்லை உருவாக்கினால் வெற்றி. கட்டங்கள் நிரம்பி, எதையும் சேர்க்க முடியாத நிலை வந்தால் ஆட்டம் முடிந்தது.

தோற்றமும் சர்ச்சையும்

இதற்குச் சில வாரங்கள் முன்பு, 2014 பிப்ரவரியில், ஆஷர் வால்மர், கிரெக் வோல்வெண்ட் ஆகியோர் ‘த்ரீஸ்’ என்ற விளையாட்டை விலைக்கு வெளியிட்டிருந்தனர். அதில் 1, 2 சேர்ந்து 3 ஆகும்; பிறகு 3, 3 சேர்ந்து 6 ஆகும். ஒரு தள்ளலில் சில்லு ஒரு கட்டம் மட்டுமே நகரும். அதைப் பின்பற்றி வீவோ ஸ்டுடியோ ‘1024’ என்ற இலவச விளையாட்டை வெளியிட்டது. 1024ஐ அடிப்படையாகக் கொண்டதே 2048. சிருல்லி இதனை மறைக்கவில்லை. விளையாட்டுப் பக்கத்திலேயே இரண்டின் பெயரையும் குறிப்பிட்டிருந்தார்.

த்ரீஸ் உருவாக 14 மாதங்கள் பிடித்தன. 2048 ஒரு வார இறுதியில் எழுதப்பட்டது. தங்கள் நீண்ட உழைப்பின் பயன் நகல்களுக்குப் போனதை த்ரீஸ் படைப்பாளர்கள் வெளிப்படையாக எழுதி வருந்தினர். அதே ஆண்டின் சிறந்த ஐபோன் விளையாட்டாக ஆப்பிள் நிறுவனம் த்ரீஸைத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் மக்களிடம் பெயர் பெற்றது 2048தான்.

உள்ளிருக்கும் கணக்கு

சில்லுகளில் வரும் எண்கள் அனைத்தும் 2இன் அடுக்குகள். 2048 என்பது 2இன் 11ஆம் அடுக்கு.

தள்ளும்போதும் சேரும்போதும் பலகையின் மொத்தக் கூட்டுத்தொகை மாறாது. புதிதாக வரும் சில்லு மட்டுமே அதனைக் கூட்டும். பத்துச் சில்லுகளில் ஒன்பது 2, ஒன்று 4 எனக் கொண்டால், சராசரி 2.2. 2048ஐ 2.2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 931. ஆகவே வெற்றிக்குச் சுமார் 930 தள்ளல்களாவது தேவைப்படும். ஒரு தள்ளலுக்கு ஒரு நொடி என்றாலும் கால் மணி நேரம் ஆகும்.

அடையக்கூடிய மிகப் பெரிய எண்ணையும் கணக்கிடலாம். 65536 முதல் பாதி பாதியாக இறங்கி 4 வரை பதினைந்து சில்லுகள். மீதியுள்ள ஒரு கட்டத்தில் இன்னொரு 4. இவை வரிசையாகச் சேர்ந்தால் 131072 கிடைக்கும். அதற்கு மேல் பதினாறு கட்டங்களில் இடமில்லை.

நிறைகள்

1. விதிகள் மிக எளியவை. எந்த மொழியும் தெரியாமல் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

2. முன்யோசனையை வளர்க்கிறது. பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்தி, அடுத்த எண்களை அதன் பக்கத்தில் இறங்குவரிசையில் அடுக்குவதே சிறந்த உத்தி. கீழ் இடது மூலையைத் தேர்ந்தால் கீழ், இடம் ஆகிய திசைகளே பெரும்பாலும் போதும். கீழ்வரிசை நிரம்பியிருக்கும்போது வலப்பக்கம் தள்ளலாம். மேல்நோக்கித் தள்ளினால் அடுக்கு குலையும்.

3. நேர நெருக்கடி இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

4. மூல நிரல் எம்.ஐ.டி. உரிமத்தில் கிட்ஹப் தளத்தில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. நிரலாக்கம் பயிலும் மாணவர் அதைப் படித்து, மாற்றிப் பார்த்துக் கற்கலாம்.

குறைகள்

1. எண்கள் வெறும் அடையாளங்களே. 2, 4, 8க்குப் பதிலாகப் படங்களை வைத்த நகல்களும் உண்டு; அவற்றிலும் ஆட்டம் சிறிதும் மாறவில்லை. சிறு பிள்ளைகள் நிறத்தைப் பார்த்தே சேர்த்துவிடுகின்றனர். பல்லாங்குழியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். குழியிலுள்ள காய்களை எண்ணாமல், அவை எங்கே முடியும் என்று கணிக்காமல் பல்லாங்குழியில் நன்றாக ஆட முடியாது.

2. மூலை உத்தி பிடிபட்டபின் பெரும்பகுதி பழக்கத்தால் நடக்கிறது. யோசிக்க வேண்டிய இடங்கள் குறைந்து, விரல் மட்டும் வேலை செய்கிறது.

3. எதிராளி இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் மற்றவர் மனத்தைக் கணிக்க வேண்டும். தோற்றால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே அது இல்லை.

4. நிறுத்துமிடம் இல்லை. 2048ஐ அடைந்தாலும் தொடரலாம். தோற்றால் மறுநொடியே அடுத்த ஆட்டம். கால் மணி நேர ஆட்டம் இரண்டு மணி நேரமாவது இப்படித்தான்.

5. திறந்த நிரலின் மறுபக்கமாக, கணக்கற்ற நகல்கள் செயலிக் கடைகளில் உள்ளன. பலவற்றில் ஆட்டத்துக்கு நடுவே விளம்பரங்கள் குறுக்கிடுகின்றன. பிள்ளைகள் தவறித் தொட்டு வேறு செயலிகளுக்குப் போய்விடுவதும் உண்டு.

கணக்குப் பாடத்துக்குப் பயன்படுத்தும் முறை

அடுக்குகள் பாடம் நடத்தும்போது 2048 ஒரு நல்ல கருவி. ஆனால் ஆடச் சொல்லிவிட்டு விட்டால் பயனில்லை; கேள்வி கேட்க வேண்டும். “இந்த 256 சில்லுக்குள் எத்தனை 2 இருக்கிறது?” என்று கேட்டால், 128 என்று சொல்லப் பிள்ளை அடுக்குகளில் யோசித்தே ஆக வேண்டும். “512 வந்துவிட்டது, 2048க்கு இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், பாதி வழி வந்துவிட்டதாகப் பலர் சொல்வர். உண்மையில் கால் பங்குதான் முடிந்திருக்கும். இருமடங்காகும் பெருக்கம் கடைசியில்தான் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது அப்போது மனத்தில் பதியும்.

கைப்பேசி இல்லாமலும் இதைச் செய்யலாம். தாளில் பதினாறு கட்டம் வரைந்து, அட்டைத் துண்டுகளில் எண் எழுதி, இருவராக ஆடலாம்: ஒருவர் தள்ளட்டும், மற்றவர் புதுச் சில்லை வைக்கட்டும். வைப்பவர் எதிராளியாகிவிடுவதால் மூலை உத்தி மட்டும் போதாது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் பிள்ளையே புது எண்ணைக் கணக்கிட்டு எழுத வேண்டியிருப்பதால், செயலி தானாகச் செய்துவந்த கூட்டல் அதன் கைக்குத் திரும்புகிறது.